யூட்டா ஆர்ச்சஸ்: அம்மாவை எந்த வளைவுக்குக் கூட்டிப் போகலாம்?

அக்டோபர் கடைசியில் அம்மா அப்பாவோடு யூட்டா போகிறோம். பக்கத்து ஊரான மோவாபில் தங்கல், பெரிய இயற்கைப் பாறை வளைவுகள் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு ஒரே நாள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார். இறக்கத்தில்தான் கால் நடுங்கும், பிடிக்கக் கை தேடுவார்.

டெலிகேட் ஆர்ச் என்ற வளைவுக்கான பாதை போக வர 3 மைல், 480 அடி ஏற்றம், நிழலே கிடையாது. சரி, விட்டாச்சு. கீழேயுள்ள பார்வையிடம் வரை கார் போகும், ஆனால் வளைவு ஒரு மைல் தள்ளி விரல்நகம் அளவுக்குத்தான் தெரியுமாம். அதற்கா இவ்வளவு தூரம்? விண்டோஸ் என்ற வளைவுகள் பக்கம் படிக்கட்டு. வீல்சேர் என்றாலே அம்மா முகம் சுருங்குகிறது.

மிச்சம் டபுள் ஆர்ச். போக வர 0.6 மைல், பெரும்பாலும் தட்டையான சரளைப் பாதை. படங்களில் கடைசிப் பகுதி மட்டும் பாறையாகத் தெரிகிறது.

நேரில் போனவர்கள் சொல்லுங்கள்: அந்தப் பாறையில் ஏறாமலேயே, ஊன்றுகோலோடு அம்மா வளைவுக்கு அடியில் போய் நிற்க முடியுமா?