கம்பெனி பஸ்ஸில் சத்தமாகப் பாட்டு: காது கேட்பது மட்டும்தான் கெடுமா, நடை நிதானமும் கெடுமா?

சிப்காட்_சேஃப்டி (ஓசூர்):
வணக்கம். கிருஷ்ணகிரி, சூளகிரி பக்கமிருந்து ஷிஃப்டுக்கு வரும் பையன்கள் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் இயர்பட்ஸோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஆறு நாள். பக்கத்து சீட்டுக்கே பாட்டு கேட்கிறது. ஆலைக்குள் இரைச்சலை அளக்கிறோம், இயர்ப்ளக் கொடுக்கிறோம். பஸ்ஸில் ஏறும் சத்தம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. செவித்திறன் குறையும் என்பது தெரிந்ததுதான். ஏணி ஏறுகிறவனுக்குத் தள்ளாட்டம் வருமா, எந்த அளவு சத்தத்தில் வரும், என்ன டெஸ்ட் எழுதிக் கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆடியோ_கிருஷ்ணகிரி:
நல்ல கேள்வி சார். உட்செவியில் கேட்கும் பகுதியும் நிதானம் காக்கும் பகுதியும் ஒரே திரவத்தில்தான் கிடக்கின்றன. நடுச்செவியின் கடைசிச் சிறு எலும்பான அங்கவடி, சத்தத்தால் அசைந்து உள்ளே தள்ளும்போது அதற்கு நேர் பின்னால் மிக அருகில் இருப்பது சாக்யூல் என்ற சிறு பை. தலை மேலும் கீழும் அசைவதையும் புவியீர்ப்பின் திசையையும் மூளைக்குச் சொல்வது இதன் வேலை. மீன்களில் இதே சாக்யூல்தான் காதாக வேலை செய்கிறது. மனிதரிலும் பலத்த சத்தம் வந்தால், முக்கியமாக 500 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த சுருதியில், இது பதில் கொடுக்கும்.

அந்தப் பதிலை வைத்துத்தான் 'வெம்ப்' டெஸ்ட் எடுக்கிறோம். படுக்க வைத்து, தலையைத் தூக்கி ஒரு பக்கம் திருப்பச் சொல்வோம். கழுத்தின் பக்கத் தசையில் எலக்ட்ரோடு ஒட்டி, காதில் பலத்த 500 ஹெர்ட்ஸ் ஒலித்துணுக்குகளை விட்டால், 13, 23 மில்லிசெகண்டை ஒட்டி இரண்டு அலைகள் பதிவாகும். அலை இல்லையென்றாலோ, இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ சாக்யூல் அல்லது அதன் நரம்புப் பாதையைச் சந்தேகிக்கிறோம். அதிகச் சத்தம் விலங்குகளின் சாக்யூலில் அசைவை உணரும் மயிரணுக்களையும் அதன் நரம்பையும் கெடுப்பது ஆய்வுகளில் வந்திருக்கிறது. இயர்போன் கேட்கும் மனிதர்களில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

டெஸ்ட் தப்பாகப் போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளரவிட்டால் போலி வித்தியாசம் வரும். நடுச்செவியில் சீழோ நீரோ இருந்தால் சத்தம் உள்ளே போகாது, அலையே வராது. அதனால் முதலில் காதைச் சுத்தம் செய்து டிம்பனோமெட்ரி (செவிப்பறையும் நடுச்செவியும் சரியாக அசைகிறதா என்று பார்ப்பது), அடுத்து ஆடியோகிராம் (செவித்திறன் அளவு), அதன் பிறகே வெம்ப். ஆடியோகிராமுக்கு முன் 14 மணி நேரமாவது சத்தமில்லாமல் இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வருகிறவனுடைய ரிப்போர்ட்டில் தற்காலிகக் குறைவும் சேர்ந்தே பதிவாகும். வெம்ப்பே பலத்த சத்தம் என்பதால், காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது.

ஈஎன்டி_தருமபுரி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தலை சுத்துது என்று வந்தவுடன் பழியை இயர்போன் மேல் போட்டுவிடாதீர்கள். சாக்யூல் பாதித்தால் உலகம் சுழலாது. இருட்டில், மேடு பள்ளத்தில் கால் பிடிமானம் குறைவது போல லேசான தள்ளாட்டம்தான் வரும். அதையும் மூளை பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

புரண்டு படுத்தால் சில விநாடி சுழல்கிறது என்றால் காதுக்குள் கால்சியத் துகள் இடம் மாறியிருக்கும். அதற்கு மாத்திரை வேண்டாம், எப்லி முறையில் தலையைத் திருப்பிச் சரிசெய்யலாம். காது அடைப்பு, இரைச்சலோடு 20 நிமிடம் முதல் பல மணி நேரம் சுழன்றால் மெனியர் என்ற உட்செவி நோயா என்று பார்க்க வேண்டும். சத்தம் கேட்ட அந்த நொடியிலேயே சுற்றுகிறது, பார்வை ஆடுகிறது என்றால் உட்செவியில் தலைத் திருப்பத்தை உணரும் மேல் அரைவட்டக் குழலின் எலும்பில் திறப்பு இருக்கலாம், சிடி ஸ்கேன் தேவை.

பேச்சு குழறல், முகம் கோணல், இரட்டைப் பார்வை, எழுந்து நிற்கவே முடியாத நிலை, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று மந்தமானால் "சளி அடைச்சிருக்கும்" என்று வாரக்கணக்கில் விடக் கூடாது. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம். மெடிக்கல் ஷாப்பில் தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றலை அமுக்கும் மருந்து இரண்டு மூன்று நாளைத் தாண்டினால், மூளை தானாகப் பழகிச் சரிசெய்வதைத் தாமதப்படுத்தும்.

டெசிபல்_பாலக்கோடு:
சத்தக் கணக்கு என் பங்கு. உலக சுகாதார நிறுவனமும் ஐடியூவும் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 2019-இல் வெளியிட்ட தரத்தில் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று இருக்கிறது. சிறுவர்களுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி, 95-க்கு ஒன்றே கால் மணிதான். நீங்கள் சொல்லும் பயணம் வாரம் 12 மணி நேரம். 86-இல் கேட்டாலே அளவு தாண்டுகிறது. 95-இல் வைத்தால் திங்கட்கிழமை போய் வருவதற்குள் வாரப் பங்கு முடிந்துவிடும்.

ஆலை விதியில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது சட்ட எல்லை, காதுக்குப் பாதுகாப்பான அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காது பஸ்ஸையும் பிரஸ் ஷாப்பையும் கூட்டித்தான் கணக்கு வைக்கும்.

வால்யூம் ஏறக் காரணமே எஞ்சின் இரைச்சல்தான். காதை நன்றாக அடைக்கும் சரியான சைஸ் சிலிகோன் முனை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நாய்ஸ் கேன்சலிங் வசதி எஞ்சினின் தாழ்ந்த முழக்கத்தை நன்றாகக் குறைக்கும். வீட்டில் அமைதியான அறையில் வால்யூமை வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏற்றாமல் கேட்கச் சொல்லுங்கள். "60 சதவீதம்" என்ற கணக்கை நம்ப வேண்டாம், போனுக்குப் போன் இயர்பட்ஸுக்கு இயர்பட்ஸ் அது மாறும். ஐபோனில் ஹெட்போன் சேஃப்டி பகுதியில் உச்ச வரம்பை டெசிபலிலேயே வைக்கலாம். தாழ்ந்த சுருதியைக் கூட்டும் பாஸ் பூஸ்ட்டை அணைத்துவிடுவது நல்லது. ஆலைக்குள் இயர்பட்ஸை இயர்ப்ளக்குக்குப் பதிலாக விடவே விடாதீர்கள்.

சிப்காட்_சேஃப்டி (ஓசூர்):
நன்றி. ஏணி வேலைக்கு முன் முதலுதவி அறையிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

ஆடியோ_கிருஷ்ணகிரி:
உண்டு சார். 10 செ.மீ. தடிமன் உள்ள அழுத்தமான ஃபோம் மேல் வெறுங்காலோடு, பாதங்களைச் சேர்த்து, கைகளை மார்பில் கட்டி, கண்ணை மூடி 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். கண்ணும் பாதமும் உதவாதபோது உட்செவிதான் தாங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும், சிலர் சாய்ந்து விழக்கூடும். மெத்தையில் போடும் மெல்லிய பஞ்சு உதவாது, கால் தரையில் முட்டிவிடும். மூன்று முறையும் நிற்க முடியாதவரை உயர வேலையிலிருந்து அன்றே விலக்கி, காது மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கமின்மை, வெறும் வயிறு, முந்தைய இரவின் மது, முட்டி வலி இவையும் ஆளைச் சாய்க்கும். அதனால் இதை வைத்து உட்செவிக் கோளாறு என்று ரெஜிஸ்டரில் எழுதிவிடாதீர்கள்.