கேராண்டுக்கு கேஸ் அளவு வைத்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஹில்கன்ட்ரி_தமிழன்:
டெக்சஸில் இருக்கிறேன், கையில் இருப்பது எம்1 கேராண்ட், அமெரிக்க ராணுவத்தின் பழைய ரைஃபிள். கடையில் .30-06 (இதன் தோட்டா அளவு) என்று எழுதிய எந்தப் பெட்டியையும் வாங்கிப் போட்டுச் சுடலாம் என்று ரேஞ்சில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராணுவம் இதில் போட்டது எம்2 பால் என்கிற தோட்டா, குண்டின் எடை ஏறக்குறைய 150 கிரெயின். மான் வேட்டைக்கு விற்கிற 180 கிரெயின் தோட்டாக்களில் பலவற்றில் வெடிமருந்து மெதுவாக எரியும். கேராண்டில் கேஸ் (மருந்து எரிந்து வரும் வாயு) எடுக்கிற துளை குழலின் நுனிக்குப் பக்கத்தில் இருப்பதால் குண்டு அங்கே வந்து சேரும்போதும் அழுத்தம் இறங்கியிருக்காது, அந்த அடி முழுக்க, தோட்டாவை ஏற்றுகிற போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கிற ஆப்பரேட்டிங் ராடின் மேல் விழும், ராட் வளையும். அறைக்குள் அழுத்தம் வரம்புக்குள் இருந்தாலும் இது நடக்கும், அதுதான் பலருக்குப் புரிவதில்லை.

நான் பழைய கேஸ் பிளக்கைக் கழற்றிவிட்டு வேண்டாத கேஸை வெளியே விடுகிற, திருகு வைத்த பிளக் போட்டேன். முதலில் திருகை நன்றாகத் திறந்துவிட்டு, கிளிப் (எட்டுத் தோட்டாவைச் சேர்த்துப் பிடிக்கிற தகடு) இல்லாமல் ஒற்றைத் தோட்டா. போல்ட் அசையாது, கையால்தான் இழுக்க வேண்டும். சரி, கொஞ்சம் மூடு, இன்னொன்று. காலித் தோட்டா சோம்பலாகக் காலடியில் விழ ஆரம்பிக்கும், அப்புறம் போல்ட் முழுக்கப் பின்னால் போய் நிற்கும். அதன் பிறகே எட்டுத் தோட்டா கிளிப். அடியில் ஸ்பிரிங் தள்ளுகிற நெருக்கடியில் போல்ட் அடுத்த தோட்டாவை உருவி எடுக்க வேண்டுமே, ஒற்றைத் தோட்டாவில் அது தெரியாது. காலி எங்கே விழுகிறது என்பதோடு நிறுத்தாமல் குனிந்து பொறுக்கி அதன் விளிம்பையும் பாருங்கள். காலியை இழுத்தெடுக்கிற எக்ஸ்ட்ராக்டர் பித்தளையைப் பிய்த்த தடம் இருந்தால் கேஸ் அதிகம். திருகைத் தொடுவதற்கு முன் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இது எண்ணெயில் ஓடுகிற துப்பாக்கி இல்லை.

பிளாக்அவுட்_அண்ணாச்சி:
நல்ல பதிவு தம்பி. எனக்கு ஏஆர்-15 ரைஃபிள், .300 பிளாக்அவுட் தோட்டா. 110 கிரெயின் வேகத் தோட்டாவும் ஒலியைவிட மெதுவாகப் போகும் 220 கிரெயின் சப்சானிக்கும் ஒரே அளவில் ஓடாது, அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக் போட்டுத்தான் சமாளிக்கிறேன். துப்பாக்கி ஓடாமல் நின்றால் உடனே கேஸைக் கூட்டு என்பது பாதிதான் உண்மை. என்னுடையதில் போல்ட் புதுத் தோட்டாவின் அடியைப் பிடிக்காமல் நடு உடம்பில் போய்க் குத்தி நின்றது. கேஸ் குறைவு என்று தோன்றும். ஆனால் காலிகள் ஒரு மணி, இரண்டு மணித் திசையில் (குழல் நோக்குவது பன்னிரண்டு மணி) முன்னால் பறந்துகொண்டிருந்தன. போல்ட் அவ்வளவு வேகமாகத் திரும்பியதில் மேகசின் ஸ்பிரிங்குக்குத் தோட்டாவை மேலே தள்ள நேரமே இல்லை. ஓட்டைப் பேருந்தை விரட்டுகிற டிரைவர் மாதிரி, ஸ்டாப்பில் நிற்காமலே போய்விட்டது. கேஸைக் குறைத்து, கனமான பஃபரும் (போல்ட்டுக்குப் பின்னால் இருக்கிற எடை) போட்டதும் காலிகள் மூன்று, நான்கு மணிப் பக்கம் வந்தன, அடைப்பும் போனது. புது மேகசினையும் போட்டுப் பார்த்த பிறகுதான் கேஸில் கை வைத்தேன். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிளிக் என்று ஸ்டாக்குக்குள் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சித்தப்பா_மகன்:
எங்கள் சித்தப்பா இந்திய ராணுவத்தில் இன்சாஸ் ரைஃபிள் வருவதற்கு முன்னால் எஸ்எல்ஆர் ரைஃபிள் பிடித்தவர். அது பெல்ஜியத்து எஃப்என் ஃபால் ரைஃபிள் வம்சம், கேஸ் ரெகுலேட்டர் (கேஸைக் கூட்டிக் குறைக்கிற வளையம்) துப்பாக்கியிலேயே இருக்கும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதில் வேண்டாத கேஸ் வெளியே போகும், வளையத்தை மூட மூட பிஸ்டனுக்கு அடி கூடும். ஒழுங்காக ஓட ஆரம்பிக்கிற இடம் வரை மூடு, அதற்கு மேல் இரண்டு கிளிக், அவ்வளவுதான் என்பார். அந்த இரண்டு கிளிக் எதற்கு என்றால் தூசிக்கும் குளிருக்கும். முழுக்க மூடிவிட்டால் எல்லாம் ஓடும்தான், தோள்தான் பாவம்.

ஹில்கன்ட்ரி_தமிழன்:
சித்தப்பா சொன்னது கேராண்டுக்கும் சரி. கிளிப் ஓடுகிற இடத்தில் நிறுத்தாமல் இன்னும் ஒரு துளி மூடி லாக் நட்டை இறுக்குகிறேன், இல்லையென்றால் குளிர்காலக் காலையில் முதல் கிளிப்பே நிற்கிறது. அண்ணாச்சி, அந்தக் கனமான பஃபர் போட்ட பிறகும் சப்சானிக் கடைசித் தோட்டாவில் போல்ட் பின்னால் நிற்கிறதா?