பாய் விற்கும் தளம், பார்த்ததும் நம்பிக்கை வரவில்லையாம். யோசனை சொல்லுங்கள்

பத்தமடையில் சித்தி நெய்யும் கோரைப் பாய்களை விற்க நானே ஒரு இணையதளம் போட்டேன். பாளையங்கோட்டை அத்தை திறந்த கையோடு, “ஏல, காச புடுங்குத கூட்டம் மாதிரில்லா இருக்கு” என்றார். விலையைக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பட்டையில் ‘தள்ளுபடி’ மின்னுகிறது, மூன்று விதமான எழுத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படம். கோரை இழையே தெரியவில்லை.

2002 ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் தளங்களின் நம்பகத்தன்மை பற்றி மக்கள் சொன்ன கருத்துகளில் சுமார் 46 சதவீதம் தோற்றத்தைப் பற்றியவைதானாம். அத்தையைக் குறை சொல்லி என்ன செய்ய?

சரி, மின்னுவதை எடுத்துவிட்டேன். முகப்பில் முதலில் தறியில் இருக்கும் சித்தியின் படம் வரட்டுமா, பாயின் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டும் படமா? சாயக் கோரைக்கு வெள்ளைப் பின்னணி எடுபடுமா? செல்போனில் பார்க்கிறவர்களை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.