தம்பி வழக்கு: சட்டப் பிரிவு 117(2)-ஐ 122(2)-ஆக மாற்ற வழி உண்டா?

வணக்கம். குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

போன மாதம் ஒருவர் தம்பியின் கண் முன்னாலேயே எங்கள் அம்மாவை அறைந்தார். அந்தக் கணமே தம்பி அவர் முகத்தில் குத்திவிட்டான். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அவருக்குத் தாடை எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. அடித்தது தவறு என்று அவனும் அழுகிறான்.

எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 117(2), அதாவது வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்தியது என்று போட்டிருக்கிறார்கள். 7 ஆண்டு வரை சிறை. ஆனால் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் நடந்தால் 122(2), அதாவது பழைய சட்டத்தின் 335-ஆம் பிரிவு. அதில் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், 1961-இல், ஆத்திரம் தணிய மணிக்கணக்கில் நேரம் இருந்ததே என்றுதான் உச்ச நீதிமன்றம் கேட்டது. இங்கே ஒரு நிமிடம்கூட இல்லையே!

இதைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே எழுப்பலாமா, விசாரணையில்தான் சொல்ல வேண்டுமா? அப்புறம், அம்மாவின் சாட்சியம் மட்டும் போதுமா, பக்கத்தில் நின்றவர்களையும் தேட வேண்டுமா? தன்னால்தான் இப்படி ஆனது என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.