மேசை அசைந்தாலே திரை கறுக்கிறது: கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் நிற்கவில்லையா?

கேள்வி:
போன வாரம் கணினியை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஒரே தொல்லை. மேசையில் லேசாக முழங்கை இடித்தாலும் மானிட்டர் கறுத்து, சிக்னல் இல்லை என்கிறது. உள்ளே விசிறிகள் பாட்டுக்குச் சுற்றுகின்றன. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினேன், எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன்; பலனில்லை. பக்க மூடியைக் கழற்றி, கிராபிக்ஸ் கார்டின் வால் பக்கத்தை (கேபிள் செருகும் இடத்துக்கு எதிர்முனையை) விரலால் அழுத்திக்கொண்டு இயக்கினால் மட்டும் படம் வருகிறது. கார்டு போய்விட்டதா?

பதில் 1:
முதலில் அந்த விரலை எடுங்கள். கார்டைச் செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை மின்சாரம் போகிறது. ஓடும் கார்டை அசைத்தால், நல்ல கார்டும் கெட்டுவிடும்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்சை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு 6 பின் அல்லது 8 பின் மின் இணைப்பு, கேபினட் திருகு, ஸ்லாட் முனையில் உள்ள கொக்கி என்ற வரிசையில் விடுவியுங்கள். கொக்கி கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இழுத்து ஸ்லாட்டையே உடைத்தவர்கள் உண்டு. தங்க நிறத் தொடர்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். கொக்கி ‘டக்’ என்று விழும்வரை இரு முனைகளையும் சமமாக அழுத்திப் பொருத்துங்கள்.

பதில் 2:
ஆல்கஹால் எதற்கு? பென்சில் அழிக்கும் ரப்பரே போதும். காலங்காலமாக நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில் 1:
துகள் ஸ்லாட்டுக்குள் விழும், தங்கப் பூச்சும் தேயும். வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
செய்துவிட்டேன். கொக்கி விழுந்தது, படமும் வந்தது. மகிழ்ச்சியோடு கணினியை அணைத்து, கேபினட் திருகை இறுக்கி மறுபடி இயக்கினால் பழைய கதை. திருகு இல்லாமல் ஓடுகிறது, திருகு போட்டால் நின்றுவிடுகிறது. இது என்ன கூத்து?

பதில் 3:
திருடன் அகப்பட்டான். கார்டின் பின்பக்க உலோகப் பட்டை, கேபினட்டின் தகட்டு விளிம்பின்மேல் உட்காரவேண்டும். விளிம்பு உள்ளே வளைந்து தாழ்ந்திருந்தால், திருகு பட்டையைக் கீழே அமுக்கும். சீசா பலகை மாதிரி மறுமுனையான வால் மேலே எழும்பும். மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, திருகில்லாமல் கார்டை முழுதாகப் பொருத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டைக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் அதுதான் காரணம். கார்டைக் கழற்றிவிட்டுக் குறட்டால் விளிம்பை நிமிர்த்துங்கள். முடியாவிட்டால் இடைவெளியில் மெல்லிய வாஷர் வையுங்கள்.

கேட்டவர்:
ஒரு நாணயக் கனத்துக்கு இடைவெளி! அறை மாற்றும்போது அந்த விளிம்பில் விரல்களைக் கோத்துத்தான் கேபினட்டைத் தூக்கினேன். தகடு அவ்வளவு மெலிது. நிமிர்த்திவிட்டேன், திருகை இறுக்கியும் ஓடுகிறது. மேசையைத் தட்டியும் பார்த்தேன்.

பதில் 3:
தட்டியது போதும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பஸ் இண்டர்பேஸ் வரியையும் பாருங்கள். ஸ்லாட்டோடு எத்தனை தரவுப் பாதைகள் இணைந்துள்ளன என்பதை அது காட்டும். வால் சரியாகப் பதியாவிட்டால் எக்ஸ்16 இடத்தில் எக்ஸ்8 என்றோ அதற்கும் குறைவாகவோ காட்டும். சில கார்டுகள் பிறவியிலேயே எக்ஸ்8, ஆகவே உங்கள் மாடலோடு ஒப்பிடுங்கள். சும்மா இருக்கும்போது அதே வரியில் வேகத்தைக் குறிக்கும் பதிப்பு எண் 1.1 என்று குறைவதைக் கண்டு பயப்படாதீர்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

கேட்டவர்:
எக்ஸ்16 என்றே காட்டுகிறது. அடுத்த முறை கேபினட்டை அடியில் கை கொடுத்துத் தூக்குகிறேன்.