ரைட் பிளாக்கர் போட்டும் எஸ்எஸ்டி இமேஜ் ஹாஷ் மாறுகிறது, ஏன்?

ஹெக்ஸ்மணி:
விசாரணைக்கு வந்த லேப்டாப்பில் 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. கழற்றி, ஹார்டுவேர் ரைட் பிளாக்கரில் மாட்டி, எஃப்டிகே இமேஜர் மென்பொருளில் இ01 வடிவில் இமேஜ் (டிஸ்க்கின் முழுப் பிரதி) எடுத்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க லினக்ஸில் டிடி கட்டளை கொண்டு ரா இமேஜ் (டேட்டா மட்டும் அப்படியே உள்ள கோப்பு) ஒன்றும் எடுத்ததில் எஸ்ஹெச்ஏ-1 ஹாஷ் (டேட்டாவின் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போகவில்லை. டிடியில் பிளாக் அளவு 64கே. நோஎரர் (எரர் வந்தாலும் நிற்காது), சிங்க் (குறையும் துண்டைப் பூஜ்யத்தால் நிரப்பும்) இரண்டும் போட்டிருந்தது. ரீட் எரர் எதுவும் வரவில்லை. எழுதவே விடாத பிளாக்கர் நடுவில் இருக்கும்போது டேட்டா எப்படி மாறும்? எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டால் என்ன பதில் சொல்வது?

செக்டர்சாமி:
எஸ்எஸ்டி மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, எதற்கு ஹாஷ் போட்டீர்கள்? இ01 கோப்புக்கே எஸ்ஹெச்ஏ1சம் ஓட்டியிருந்தால் அது எந்தக் காலத்திலும் ரா இமேஜோடு ஒத்துப்போகாது. அதற்குள் வழக்கு விவரம், கம்ப்ரஷன், ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் எல்லாம் இருக்கிறது. உள்ளே இருக்கும் டேட்டாவின் ஹாஷ்தான் வேண்டும்; இமேஜர் எழுதிய லாக் கோப்பில் இருக்கும்.

இரண்டாவதுதான் எனக்குச் சந்தேகம். ரா இமேஜின் அளவு என்ன? இந்த ரக டிஸ்க்கில் பெரும்பாலும் 100,02,15,216 செக்டர் (ஒன்று 512 பைட்), அதாவது 512,110,190,592 பைட். இது 64கே-யால், அதாவது 128 செக்டரால், மீதியில்லாமல் வகுபடாது. கடைசியில் 48 செக்டர் மிஞ்சும். சிங்க் போட்டால் அந்தக் கடைசித் துண்டையும் 128 செக்டராக நிரப்பிவிடும். 80 செக்டர், 40,960 பைட், அத்தனையும் பூஜ்யம். டிஸ்க்கில் இல்லாத பூஜ்யம்! அது போதும் ஹாஷ் தலைகீழாக மாற.

மறுபடி இமேஜ் எடுக்க வேண்டாம். கோப்பின் தொடக்கப் பகுதியை மட்டும் எடுக்கும் ஹெட் கட்டளையில் அசல் டிஸ்க்கின் பைட் எண்ணிக்கையைக் கொடுத்து, வெளிவருவதை எஸ்ஹெச்ஏ1சம்முக்கு பைப் செய்தாலே தெரிந்துவிடும்.

நாண்ட்_நாடோடி:
அளவு சரியாக இருந்தும் ஹாஷ் மாறினால் டிரிம் பக்கம் பாருங்கள். கோப்பை அழித்தபோதே, ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பியிருக்கும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கண்ட்ரோலர் அந்தப் பிளாக்குகளைத் தனக்குத் தோன்றும் நேரத்தில்தான் சுத்தம் செய்யும். கேபிளில் மின்சாரம் வந்தால் போதும், கணினியே வேண்டாம். ரைட் பிளாக்கர் வெளியிலிருந்து வரும் கட்டளையைத்தான் தடுக்கும். டிஸ்க் தனக்குள்ளே செய்துகொள்வதை அது பார்க்கக்கூட முடியாது.

எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க, இ01-ஐயும் ராவாக மாற்றிக்கொண்டு, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளை ஓட்டுங்கள். அது பைட்டுகளை 1-லிருந்து எண்ணும். ஆகவே ஒன்றைக் கழித்து 512-ஆல் வகுத்தால் செக்டர் எண். எம்எம்எல்எஸ் கட்டளை காட்டும் பார்ட்டிஷன் தொடக்கத்தைக் கழித்து, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் கிளஸ்டர் (இடம் ஒதுக்கும் அலகு) 4 கேபி என்றால் 8-ஆல் வகுத்து, அந்த எண்ணுள்ள கிளஸ்டர் பயன்பாட்டில் உள்ளதா என்று பிஎல்கேஸ்டாட் கட்டளையிடம் கேளுங்கள். ஒதுக்கப்படாத கிளஸ்டர், முதல் இமேஜில் பழைய டேட்டா, இரண்டாவதில் பூஜ்யம் என்றால் டிரிம் வேலைதான். பயன்பாட்டில் உள்ள கோப்பின் கிளஸ்டர் மாறியிருந்தால் கதையே வேறு.

செக்டர்சாமி:
ஒரு திருத்தம். இன்றைய பல எஸ்எஸ்டிகளில் டிரிம் ஆன இடத்தைப் படித்தால் உடனேயே பூஜ்யம் வரும், உள்ளே சுத்தம் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் இரண்டு இமேஜும் ஒன்றாகவே வரும். லினக்ஸின் ஹெச்டிபார்ம் கட்டளையில் பெரிய ஐ ஆப்ஷன் கொடுத்தால் டிஸ்க் எந்த ரகம் என்று காட்டும்.

பிளாக்கர் இல்லாமல் லினக்ஸில் மாட்டினார்களா என்றும் விசாரியுங்கள். லினக்ஸ் கோப்பு முறையான இஎக்ஸ்டி4-ஐ ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவு) பாக்கி இருந்தால் அதை டிஸ்க்கில் எழுதிவிடும். நோலோட் ஆப்ஷன் சேர்த்தால்தான் சும்மா இருக்கும்.

ஹெக்ஸ்மணி:
ரா இமேஜ் 512,110,231,552 பைட். கூடுதல் சரியாக 40,960! ஹெட் போட்டு வெட்டியதும் லாக்கில் இருந்த எஸ்ஹெச்ஏ-1 அப்படியே வந்துவிட்டது. இப்போது அந்த ரா இமேஜை அழித்துவிட்டு சிங்க் இல்லாமல் மறுபடி எடுக்கலாமா?

சான்றுப்பெட்டி:
அழிக்காதீர்கள். எடுத்த இமேஜ் ஒன்று காணாமல் போனால் அதற்குத்தான் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல முடியாது. 80 செக்டர் கணக்கை ஒரு பத்தியில் விளக்கிவிடலாம். டிடி கட்டளை முழுசாக, இரண்டு அளவுகள், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் வந்த ஹாஷ், எல்லாவற்றையும் குறிப்பில் எழுதுங்கள். டிஸ்க்குக்கு எப்போது மின்சாரம் கொடுத்தது, எப்போது நிறுத்தியது என்பதும் அதில் வரட்டும்.

அசல் டிஸ்க்கை இனி மாட்டவே வேண்டாம். எஸ்எஸ்டி என்றால் ஒப்பிடுவதற்காக இரண்டாம் முறை படிப்பதே வீண் ஆபத்து. இரண்டு பிரதி வேண்டுமென்றால் டிசி3டிடி கருவி ஒரே வாசிப்பில் இரண்டு இடத்தில் எழுதி, ஹாஷும் போட்டுத் தரும். கெட்ட செக்டர் உள்ள டிஸ்க் என்றால் டிடிரெஸ்க்யூ கருவி. 64கே சிங்க் வைத்தால் ஒரு செக்டருக்காகப் பக்கத்து நல்ல செக்டர்களும் பூஜ்யமாகிவிடும்.