ஆடிப்பெருக்குக் கட்டுச்சோற்றுக்கு என்ன கொண்டுபோகலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஆடி 18 அன்று எங்கள் தெருவிலிருந்து பத்துக் குடும்பங்கள் சேர்ந்து அழகர்கோவிலுக்குப் போகிறோம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம், மொத்தம் 35 பேர். புளியோதரையையும் தயிர்சாதத்தையும் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள்.

போன வருடம் நான் தேங்காய் சாதம் செய்தேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளறி, சூடு ஆறும் முன்பே தூக்குவாளியில் அடைத்து மூடிவிட்டேன். மதியம் திறந்தபோது மூடியின் உட்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்தது, சாதம் ஊசிப்போயிருந்தது. பிள்ளைகள் தட்டை ஏந்தி நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மதுரையில் ஆடிக்காற்று அடித்தாலும் வெயில் விடுவதில்லையே!

இந்த முறை எலுமிச்சை சாதமும் முறுகலாக வறுத்த சேப்பங்கிழங்கும் என்று நினைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு எலுமிச்சை சாதம் ஆறியதும் விறைத்துக் கசந்துவிடுகிறது. அடுப்பை அணைத்த பிறகுதான் சாற்றைப் பிழிய வேண்டுமா? நல்லெண்ணெய் கூடுதலாக விட்டால் மதியம்வரை மெதுவாக இருக்குமா? எல்லாரும் பகிர்ந்து உண்பதால் இரண்டு படி அரிசி போதுமா?

பல் இல்லாத பெரியவர்கள் நான்கு பேர் வருகிறார்கள். அவர்களுக்காகக் கருப்பட்டிப் பணியாரமும் சுட ஆசை. முதல்நாள் இரவே சுட்டு வைத்தால் மறுநாள் மதியம்வரை மிருதுவாக இருக்குமா? செய்து பார்த்தவர்கள் பக்குவம் சொல்லுங்கள்.